ராணுவ உதிரிபாகங்களுக்கு அரசு ஏன் பல மடங்கு விலை கொடுக்கிறது?

உற்பத்திச் செலவுக்கும் நியாயமான லாபத்துக்கும் மேலாக அரசிடம் பெறப்படும் தொகையே மிகைவிலை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, விமான உதிரிபாகங்கள் செய்யும் டிரான்ஸ்டைம் (TransDigm) நிறுவனம் ராணுவத்துக்கு விற்றவற்றில் ஆராயப்பட்ட 47 பாகங்களுள் 46-இல் மிகை லாபம் ஈட்டியதாகவும், அதன் மொத்தம் 1.61 கோடி டாலர் என்றும் கண்டறிந்தது.

காரணம், அத்தகைய பாகங்கள் பலவற்றை வேறு எவரும் செய்வதில்லை; குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கொள்முதல்களில் செலவுக் கணக்கைக் காட்டும்படி சட்டம் கட்டாயப்படுத்தாததால், அதிகாரிகள் கேட்டபோதும் நிறுவனத்தால் பெரும்பாலும் மறுக்க முடிந்தது. பழைய மிக்சிக்கான பாகம் ஊரில் ஒரே கடையில்தான் கிடைக்கும் என்றால், கடைக்காரர் சொல்வதே விலை. இங்கே செலவாவதோ மக்களின் வரிப்பணம் என்பதால், இந்த ஓட்டையை அடைப்பது மிக அவசியம்.

லஞ்சம் இருந்தால்தான் இப்படி நடக்கும் என்பது பரவலான எண்ணம். ஆனால் கொள்முதல் அதிகாரிகள் நடைமுறை விதிகளைப் பின்பற்றியே அந்த விலைகளை ஏற்றார்கள் என்றே அவ்வறிக்கை கூறுகிறது.