லேத் வேலை, தொடையில் சீழ்ப்பரு: க்ரீம் தடவியும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: வயது 29. கோவையில் லேத் ஓட்டுகிறேன். நாலு மாதமாக இரண்டு தொடைகளின் முன்பக்கத்திலும் முன்கைகளிலும் சீழ் வைத்த சின்னச் சின்னப் பருக்கள். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீமைத் தடவினால் இரண்டு நாளில் அமுங்கிவிடும். நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வரும். அம்மா உடம்புச் சூடு என்கிறார், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார். சுகர் இல்லை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா என்று பயம். என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: தொடையின் முன்பக்கம், முன்கை, லேத் என்று மூன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், என் முதல் சந்தேகம், லேத்தில் இரும்பைக் கடையும்போது ஊற்றும் கட்டிங் ஆயில்மீதுதான். மெஷினிலிருந்து தெறிக்கும் எண்ணெய் பேன்ட்டை நனைப்பதும், கையைத் துடைப்பதும் அந்த இடத்தில்தான். எண்ணெயும் பொடி இரும்புத் துகளும் மயிர்க்காலின் வாயை அடைத்துவிடும். அடைப்புக்கு உள்ளே அழற்சி வந்து, வீங்கி, சீழும் வைக்கும். அந்தச் சீழில் கிருமியே இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு விஷயம் கேட்கிறேன். பட்டறையில் நீங்கள் ஊற்றுவது பால்போல வெள்ளையாக இருக்கும், தண்ணீர் கலந்த கூலன்ட்டா, தண்ணீர் கலக்காத ஆயிலா? கூலன்ட் பெரும்பாலும் விரல்களில் அரிப்பு, வறட்சி, வெடிப்பைத்தான் தரும். மயிர்க்காலை அடைப்பது தண்ணீர் கலக்காத ஆயில்.

நல்ல வெளிச்சத்தில் தொடையைப் பாருங்கள். ஒவ்வொரு பருவின் நடுவிலும் ஒரு முடி நிற்கிறதா? பருக்களுக்கு இடையே, இன்னும் வீங்காத மயிர்க்கால்களில், ஊசிமுனை அளவுக்குக் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் ஆயில்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ பத்து நாள் லீவில் இருந்தபோது புதிதாக வருவது குறைந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது இதை நீங்களே சொல்லுங்கள். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் உங்கள் வேலையைப் பற்றி யாரும் கேட்காமலே சீட்டு எழுதிவிடக்கூடும்.

கரும்புள்ளியே இல்லை, தொட்டால் வலிக்கிறது, சுற்றிச் சிவந்து சூடாக இருக்கிறது என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை நினைக்க வேண்டும். நெஞ்சிலும் மேல்முதுகிலும் ஒரே அளவில் பொரிப்பொரியாக வந்து, வலியைவிட அரிப்பு தூக்கலாக இருந்தால் அது பூஞ்சை; ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிட்டால் கூடும். இரவில் அரிப்பு, விரலிடுக்கிலும் பொரி, வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள் என்றால் சொறி சிரங்கு.

இப்போது அந்த க்ரீம். ட்யூபை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு ஆன்ட்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் சேர்த்திருப்பார்கள்; என்ன நோய் என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் விற்கத் தோதான கலவை. 2018-இல் ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தார்கள், சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆனாலும் கவுன்ட்டரில் கேட்டால் கிடைக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கும், அடைப்பை எடுக்காது. அதனால்தான் இரண்டு நாள் சுகம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், தொடையில் வரிவரியாகத் தழும்பு விழும், ஸ்டீராய்டே மயிர்க்காலில் பருவைக் கிளப்பும். அடியில் இருப்பது படர்தாமரையாக இருந்தால் பூஞ்சை மயிர்க்காலுக்குள் ஆழமாக இறங்கிவிடும், பிறகு மாத்திரை இல்லாமல் போகாது. நிறுத்தியதும் சில நாள் அதிகமாகலாம். அதற்குப் பயந்து மறுபடி அதைத் தொடாதீர்கள்.

வைத்தியம் பட்டறையில் தொடங்க வேண்டும். எண்ணெய் ஊறாத ஏப்ரன் ஒன்று கட்டுங்கள். கயிறு தொங்காமல் பின்னால் இறுக்கி முடியுங்கள். கை துடைத்து ஆயில் பட்ட பனியன் வேஸ்ட்டைப் (கழிவுத் துணியை) பேன்ட் பாக்கெட்டில் செருகி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், அது நாள் முழுக்கத் தொடையில் எண்ணெய்ப் பத்துப் போடுகிற வேலை. கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடச் சொல்ல மாட்டேன்: சுழலும் ஜாப்பில் (கடையப்படும் இரும்பில்) மாட்டினால் கையே போய்விடும். அதற்குப் பதில் டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் முன்கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், டீசல், தின்னர் கொண்டு கழுவுவது தோலின் பாதுகாப்பையே உரித்துவிடும். வேலை முடிந்ததும் குளியல், மறுநாள் துவைத்த பேன்ட். வாரம் முழுக்க ஒரே பேன்ட் என்றால் எந்த மருந்தும் பலிக்காது.

மருந்தாக, பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல்லில் தொடங்கலாம். துணியில் பட்டால் சாயம் வெளுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கரும்புள்ளி நிறைய இருந்தால் இரவில் அடாபலீன் 0.1 சதவீதம் மெல்லியதாகத் தடவ மருத்துவர் எழுதுவார். ஒரு வாரத்தில் பலன் தேடாதீர்கள், ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். வலிக்கிற பருவுக்கு வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் பத்து நிமிடம் ஒத்தடம், தினம் மூன்று வேளை. பிதுக்க வேண்டாம். ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரை தேவைப்பட்டால், முதலில் சீழை கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்று வந்து, குணமாகிக் குணமாகித் திரும்பினால் அது மூக்குத் துவாரத்தில் குடியிருக்கலாம்; ஐந்து நாள் மூப்பிரோசின் களிம்பை மூக்குக்குள் தடவச் சொல்வார்கள்.

அம்மா சொல்வதில் வியர்வைக்கும் உராய்வுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அடைத்த மயிர்க்காலில் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இன்னும் அடைக்கும். தலைக்கு வைத்துக் குளியுங்கள், தொடைக்கும் கைக்கும் வேண்டாம்.

சுகர் இல்லை என்கிறீர்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, பல கண் வைத்த ராஜபிளவை, மூக்கைச் சுற்றி வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

குழந்தையைப் பற்றி: ஆயிலால் வந்த பரு ஒட்டாது. பாக்டீரியாவாக இருந்தால் துண்டு, ரேசர் வழியாகப் போகலாம். எது என்று தெரியும்வரை உங்கள் துண்டைத் தனியாக வையுங்கள். பட்டறைத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்காதீர்கள். குளித்து உடை மாற்றியபின் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.