கரிசல் மண்ணில் கட்டிய வீட்டின் அஸ்திவாரம் அசைந்து சுவரெல்லாம் விரிசல். சரிசெய்ய முடியுமா, இடித்துத்தான் கட்ட வேண்டுமா? மேலே மாடி எடுக்கலாமா?

இடிக்க வேண்டாம். அதற்கு முன், விரிசலைப் பூச ஆள் கூப்பிடுவதை நிறுத்துங்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வேறு வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் இதே கேள்வியோடு நான் அலைந்தபோது எனக்குக் கிடைத்த பதில்களில் பாதி "கரிசல்னா அப்படித்தான்" என்பது, மீதிப் பாதி "இடிச்சிடுங்க" என்பது.

உங்கள் வீடு பில்லர் எழுப்பி, அதைத் தாங்க ஐந்தடி ஆழத்தில் ஃபூட்டிங் என்ற அகலமான கான்கிரீட் அடித்தளம் போட்டு, பில்லர்களை இணைத்துச் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமைத் தரையை ஒட்டி ஓட்டிய தரைத்தள வீடு என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் கட்டுகிறார்கள். எங்கள் வீடும் அதுதான். எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் இடைப்பட்ட கரிசல் பூமி. 2009இல் அப்பா ஓய்வூதியப் பணத்தில் கட்டியது.

முதல் இரண்டு மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கார்த்திகை வந்தால் பின்பக்க அறைக் கதவு நிலையில் இறுகிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் அந்தக் கதவு நன்றாகச் சாத்தும். ஆனால் கிழக்கு மூலை ஜன்னலின் மேல் முனையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் வாய் திறக்கும். ஒரு ரூபாய் நாணயம் நிற்கிற அகலம். ஹாலில் தரை டைல்ஸ் நடுவில் மேடு தட்டியது. கொத்தனார் வந்து விரிசலைக் கொத்திவிட்டு பேஸ்ட் வைத்துப் பூசுவார், பெயிண்ட் அடிப்போம், அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடியும் திறக்கும். "டீச்சர், கரிசக்காட்டுல விரிசல் இல்லாத வீடு எங்க இருக்கு?" என்பார். கட்டிக்கொடுத்த ஒப்பந்ததாரர் பூமியைக் கை காட்டினார். ஒருவர் வாஸ்து என்றார். இன்னொருவர் மெஷின் வைத்து அஸ்திவாரத்துக்கு அடியில் சிமெண்ட் பால் ஏற்றினால் கல்லு மாதிரி ஆகிவிடும் என்று பெரிய தொகை சொன்னார்.

அந்தச் சிமெண்ட் பால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். மணலுக்கும் சரளைக்கும் அது நல்ல வைத்தியம். கரிசல் களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை, சிமெண்ட் துகள் உள்ளே போகாது. கோடையில் மண் பிளந்திருக்கும் வெடிப்புகளில்தான் போய் நிரம்பும். மழை வந்து மண் உப்பும்போது அந்த வெடிப்புதான் அதற்கு இடம் கொடுக்கும். அதையும் அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது மேலே தள்ளுகிற வழி மட்டுமே.

எங்களுக்கு வழி காட்டியவர் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் மாமனார், ஓய்வு பெற்ற பொறியாளர். வந்ததும் விரிசலைப் பார்க்கவில்லை. "கதவு எந்த மாசம் இறுகுதும்மா?" என்று கேட்டார். பிறகு தண்ணீர் நிரப்பிய டியூபை அறை அறையாக இழுத்து மட்டம் பார்த்து, வரைபடத்தில் குறித்தார். பின்பக்கம் சமையலறை, குளியலறை இருக்கும் மூலை ஏறியிருந்தது. முன்பக்கக் கிழக்கு மூலை இறங்கியிருந்தது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட இரண்டு அங்குல வித்தியாசம். அதுவரை வீடு இறங்குகிறது என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஏறுகிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

காரணம் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். பின்பக்கம் குளியலறைக் கழிவுக் குழாயின் இணைப்பு விட்டுப்போய் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. கழிவுநீர் இறங்கும் உறைகிணறும் சுவருக்கு மிக அருகில். அங்கே மண் வருடம் முழுக்க ஈரம் குடித்து உப்பியே நின்றது. கிழக்கு மூலையில் வேம்பு. கோடையில் அதன் வேர் ஃபூட்டிங்குக்கு அடியில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிட, மண் சுருங்கி மூலை இறங்கியது.

கரிசலில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய இருக்கிறது. மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும் அந்தக் கனிமத்தின் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றை விலக்கும். காய்ந்தால் திரும்பச் சுருங்கும். நம் பக்கம் மாதிரி ஆறு மாதம் காய்ச்சல், மூன்று மாதம் மழை என்ற பருவத்தில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் வரை இருக்கும் என்று பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். ஐந்தடி ஃபூட்டிங் அந்த ஆட்டத்தின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. வீடு சின்னது, கனமில்லை, ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். பாரம் குறைந்த வீட்டைத்தான் இந்த மண் சுலபமாகத் தூக்கும்.

மண் பரிசோதனை செய்யுங்கள். ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் எங்களுக்குச் செய்து கொடுத்தார்கள். மிகச் சாதாரணமான சோதனை. சலித்த மண்ணில் 10 கிராம் எடுத்து ஒரு அளவுக் குடுவையில் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் வைக்கிறார்கள். மண்ணெண்ணெயில் இந்த மண் உப்பாது. இரண்டு குடுவையிலும் மண் பிடித்திருக்கும் கன அளவை ஒப்பிட்டால் எவ்வளவு உப்பும் என்று தெரிந்துவிடும். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2720, பகுதி 40 என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். எங்கள் மண் தண்ணீரில் இரண்டு மடங்குக்கு மேல் நின்றது.

இனி என்ன செய்தோம் என்பது. இதில் வரிசைதான் முக்கியம். வரிசை மாறினால் போட்ட பணம் போச்சு.

முதலில் தண்ணீர். கழிவுக் குழாய் முழுவதையும் மாற்றினோம். உறைகிணற்றை மனையின் கடைசி மூலைக்குக் கொண்டுபோனோம். மொட்டைமாடித் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாய் வைத்துத் தள்ளிக் கொண்டுபோய் விட்டோம். வீட்டைச் சுற்றி ஐந்தடி அகலத்துக்கு மேல் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, உப்பாத கிராவல் கொட்டி இடித்து, தடித்த பாலித்தீன் விரிப்புப் போட்டு, அதன்மேல் வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் தளம். இந்தத் தளத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. இடையில் இடைவெளி விட்டுத் தார்க்கலவையால் அடைக்க வேண்டும். மழை நீரைத் தள்ளிவிடுவது மட்டும் இதன் வேலை இல்லை. கோடையில் சுவரடி மண் காய்ந்துபோகாமலும் காக்கிறது. ஈரமாக இருந்தால் ஈரமாகவே, காய்ந்தால் காய்ந்தே, எப்படியாவது ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பார் அந்தப் பொறியாளர்.

இந்த இடத்தில் ஒரு சங்கடம். எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு, சாலை இப்போது எங்கள் வாசலைவிட உயரம். நாங்கள் வெளியே தள்ளும் தண்ணீரெல்லாம் திரும்ப உள்ளே வருகிறது. சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் மாநிலத் தலைமைச் செயலாளர் மட்டத்திலிருந்தே அறிவுறுத்தல் வந்தது. அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் அப்படியேதான் போட்டார்கள். மனு கொடுத்துப் பார்த்துவிட்டோம். கடைசியில் எங்கள் செலவில் வாசலில் கிரில் மூடிய வாய்க்கால் வெட்டிக்கொண்டோம்.

அடுத்து மரம். எல்லோரும் வேம்பை வெட்டச் சொன்னார்கள். பொறியாளர்தான் தடுத்தார். பல வருடம் மரம் காயப்போட்டு வைத்திருந்த மண், மரம் போனதும் ஒரே மழையில் தண்ணீரைக் குடித்து அந்த மூலையைத் தூக்கிவிடும் என்றார். அதனால் வருடா வருடம் கிளையைக் குறைத்தோம். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, மரத்திலிருந்து முடிந்தவரை தள்ளி, ஃபூட்டிங்கைவிட ஆழமாகக் குழி வெட்டி, வேர் தாண்டாத தடித்த விரிப்பு இறக்கினோம்.

பிறகு காத்திருப்பு. விரிசல்களின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு முழு மழைக்காலமும் ஒரு முழுக் கோடையும் பார்க்க வேண்டும். பின்பக்கத்துக் கண்ணாடிகள் நின்றன. கிழக்கு மூலையில் மட்டும் உடைந்தது. அதாவது அஸ்திவாரத்தில் கை வைக்க வேண்டிய இடம் ஒரே ஒரு மூலைதான். வீடு முழுக்க வேலை சொன்னவர்களை நம்பியிருந்தால் நாங்கள் இன்றைக்குக் கடனில்தான் இருந்திருப்போம்.

அந்த மூலை பில்லருக்கு முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஃபூட்டிங்குக்கு அடியில் பாதி பாதியாகத் தோண்டி, கரிசல் முடிந்து சரளை தட்டும் ஆழம் வரை போய்க் கான்கிரீட் போட்டார்கள். ஒரு பாதி இறுகிய பிறகுதான் அடுத்த பாதி. புதுக் கான்கிரீட்டுக்கும் பழைய ஃபூட்டிங்குக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலம் விட்டு, அதில் ஈரம் குறைந்த கலவையை அடித்து இறுக்கினார்கள். நல்ல கோடையில் செய்யுங்கள், மழை வருகிற மாதத்தில் குழியைத் திறக்காதீர்கள். முக்கியமாக, இதைப் பொறியாளர் பக்கத்தில் நிற்காமல் எந்த மேஸ்திரியையும் நம்பிச் செய்யாதீர்கள். இறங்கிய மூலையைத் திரும்பத் தூக்கவில்லை, இனி இறங்காமல் நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவே.

பிளிந்த் பீமில் இன்னொரு விஷயம் தெரிந்தது. அது நேராகக் கரிசல் மண்மேலேயே உட்கார்ந்திருந்தது. இந்த மண்ணில் பீமுக்கு அடியில் குறைந்தது 80 மில்லிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும், அப்போதுதான் மண் உப்பினாலும் பீமை முட்டாது. எங்கள் பீமுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்து, மறுபடி சரியாமல் இரண்டு பக்கமும் கடப்பாக்கல் நிறுத்தினோம். ஹாலில் டைல்ஸ் ஏன் மேடு தட்டியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஃபூட்டிங்குக்குத் தோண்டிய கரிசலையே உள்ளே கொட்டித் தரையை நிரப்பியிருக்கிறார் ஒப்பந்ததாரர். வெளியிலிருந்து கிராவல் வாங்கியதாக அப்பாவிடம் பில் கொடுத்திருந்தார். அதை அப்பா கடைசிவரை மறக்கவில்லை. அந்த மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு கிராவல் நிரப்பித் தளம் போட்டோம்.

விரிசல் பூசியது எல்லாவற்றுக்கும் கடைசியில். பூச்சைப் பெயர்த்து, செங்கல் வரிசைகளின் இடையே காடி வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே 8 மில்லிமீட்டர் கம்பியை முனை வளைத்துப் பதித்து, சுருங்காத கலவை வைத்து அடைத்து, வலை அடித்துப் பூசினார்கள். அதே கொத்தனார்தான் செய்தார். இந்த முறை திறக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த வேலை முழுக்க நின்று பார்த்தது நான். மண் அறிக்கை என் கையில், வரைபடம் என் கையில். ஆனாலும் விலை பேச வந்த ஒவ்வொருவரும் "சார் எப்ப வருவாங்க?" என்றுதான் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார், அவருக்குப் பிளிந்த் பீம் எது, லிண்டல் எது என்றே தெரியாது. அவருக்கு ஃபோன் போட்டு விலை சொல்வார்கள், அவர் எனக்குச் சொல்வார். ஒருவர் என் முன்னாலேயே, "லேடீஸ்கிட்ட சொன்னா பயந்துடுவாங்க" என்றார். இருபது வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறவளிடம் கன அடிக் கணக்கை மறைத்துப் பேசினால் கோபம் வராதா? கேள்வி கேட்டிருப்பவர் பெண்ணாக இருந்தால், எல்லா மதிப்பீட்டையும் எழுத்தில், உங்கள் பெயருக்கே வாங்குங்கள்.

சரி, கீழே கருத்துப் பகுதியில் சிலர் வருவார்கள் என்று தெரியும். கரிசலில் அடிக்குமிழ் பைல், அதாவது பூமிக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், போடாமல் கட்டியதே தப்பு என்பார்கள். ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டில் பரவச் செய்த நல்ல முறை அது, அடியில் குமிழ் மாதிரி அகலமாகி, ஆடும் மண்ணுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் கேட்டிருப்பவர் ஏற்கெனவே கட்டிய வீட்டில் குடியிருக்கிறார். அவரிடம் போய் அதைச் சொல்லி என்ன பயன்? நான் பொறியாளர் இல்லை, எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு மரமே இல்லாமல் இருக்கலாம், பக்கத்து மனையின் போர்வெல் தொட்டி கசியலாம்.

மாடி கேட்டிருக்கிறீர்கள். இப்போது எடுக்காதீர்கள். பாரம் ஏற்றினால் வீடு அழுந்தி நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள், எங்களிடமும் சொன்னார்கள். ஏறி இறங்கும் அஸ்திவாரத்தின் மேல் இன்னும் சுவர் எழுப்பினால் விரிசல் விட இன்னும் சுவர் கிடைக்கும், வேறொன்றும் நடக்காது. தண்ணீரைச் சரிசெய்து, கண்ணாடி ஒட்டி, குறைந்தது ஒரு மழையும் ஒரு கோடையும் உடையாமல் நின்ற பிறகு, ஃபூட்டிங்கின் அளவையும் மண் அறிக்கையையும் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுத்து, தாங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். அதுவரை கதவு எந்த மாதம் இறுகுகிறது, விரிசல் எந்த மாதம் திறக்கிறது, மேலே அகலமா கீழே அகலமா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வருகிற பொறியாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.