பார்சல் பெயரில் வரும் பொய் மெசேஜ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: "உங்கள் பார்சல் குடோனுக்கு வந்துவிட்டது. முகவரி சரியில்லாததால் கொடுக்க முடியவில்லை. 12 மணி நேரத்துக்குள் திருத்துங்கள்" என்று லிங்க்கோடு மெசேஜ் வந்திருக்கிறது. நானும் ஒரு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். உண்மையா, பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: லிங்க்கைத் தொடாதீர்கள். ஆர்டர் போட்ட கடையின் ஆப்பை நீங்களே திறந்து, ஆர்டர் பக்கத்தைப் பாருங்கள். முகவரியில் சிக்கல் இருந்தால் அங்கேயே தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மெசேஜ் பொய். பண்டிகைத் தள்ளுபடி நேரத்தில் ஏதாவது ஒரு பார்சலுக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம் என்பதால்தான் இந்த வாசகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். இதே வாசகம் இந்திய அஞ்சல் துறையின் பெயரிலும் சுற்றியது. அது போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2024-இல் அறிவித்தது.

அடுத்து, அனுப்பியவர் பெயரைப் பாருங்கள். நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி பதிவு செய்த பெயர் வேண்டும். முதலில் இரண்டு எழுத்து, ஒரு கோடு, நிறுவனத்தின் சுருக்கப் பெயர், மறுபடி ஒரு கோடு, கடைசியில் ஒற்றை ஆங்கில எழுத்து என்று அது இருக்கும். அந்தக் கடைசி எழுத்து 2025-இல் வந்த மாற்றம். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. பார்சல் தகவல் 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்தோ, வெளிநாட்டு எண்ணிலிருந்தோ, மெயில் முகவரியிலிருந்தோ வந்தால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை, அழித்துவிடலாம். பெயர் சரியாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். பதிவு செய்த பெயர்களையே தவறாகப் பயன்படுத்திய சம்பவங்கள் உண்டு.

2024 அக்டோபரிலிருந்து, முன்பே பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிக எஸ்எம்எஸ்களைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்க வேண்டும். அதனால் மோசடிக்காரர்கள் வாட்ஸ்அப், ஐமெசேஜ், சாதாரண சிம் கார்டு என்று வேறு வழிகளில் வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் கடையின் லோகோவை முகப்புப் படமாக யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

லிங்க்கை வாசிக்கவும் ஒரு முறை இருக்கிறது. 'எச்டிடிபிஎஸ்://' என்பது முடிந்த பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் கடைசியாக, புள்ளியால் இணைந்திருக்கும் இரண்டு துண்டுகள்தான் பெரும்பாலும் தளத்தின் உண்மையான முகவரி. 'அமேசான்.ஆர்டர்-செக்.டாப்/' என்று இருந்தால் அந்தத் தளம் 'ஆர்டர்-செக்.டாப்'. முன்னால் ஒட்டியிருக்கும் அமேசான் வெறும் அலங்காரம். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்துக்கும் மதிப்பில்லை. போலித் தளமும் அதை வாங்கிவிடும்.

கேள்வி: மறுபடி டெலிவரி செய்ய 25 ரூபாய்தான் கேட்டார்கள். இவ்வளவு சிறிய தொகைக்கு யாராவது ஏமாற்றுவார்களா?

பதில்: அவர்களுக்கு வேண்டியது அந்த 25 ரூபாய் இல்லை. உங்கள் கார்டு எண், காலாவதி தேதி, சிவிவி (கார்டில் உள்ள பாதுகாப்பு எண்) மூன்றும்தான். பக்கத்தில் 25 ரூபாய் என்று காட்டிவிட்டு, அதே விவரங்களை வைத்துப் பின்னணியில் பெரிய தொகைக்கு வேறு இடத்தில் வாங்குவார்கள். உங்களுக்கு வரும் ஓடிபி அந்த வாங்கலுக்கு உரியது. வங்கி அனுப்பும் ஓடிபி மெசேஜில் தொகையும் பணம் பெறுபவர் பெயரும் பெரும்பாலும் இருக்கும். அதை முழுதாக வாசிக்காமல் எண்ணை மட்டும் பார்த்துத் தட்டுவதுதான் பணம் போகும் இடம்.

வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபி கேட்காமலே கார்டில் பணம் எடுத்துவிடும். எனவே வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள், ஆன்லைன் வரம்பையும் குறையுங்கள். இந்த வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே விதித்துவிட்டது.

கேள்வி: "உங்கள் பெயரில் ஆர்டர் வந்திருக்கிறது, வேண்டாம் என்றால் ஓடிபி சொல்லுங்கள்" என்று டெலிவரி பையன் போனில் கேட்கிறான். நான் ஆர்டரே போடவில்லை. சொல்லலாமா?

பதில்: கூடாது. நீங்கள் போடாத ஆர்டருக்காக யாரிடமும் ஓடிபி சொல்லத் தேவையில்லை. பொதுவாகப் பார்சலைக் கையில் வாங்கும்போது, அதுவும் சில பொருள்களுக்குத்தான் ஓடிபி கேட்பார்கள். போனில் கேட்பது உங்கள் ஷாப்பிங் கணக்குக்கோ வாட்ஸ்அப்புக்கோ நுழைய வந்த எண்ணாக இருக்கும்.

இன்னொரு வகை இன்னும் ஆபத்தானது. "டெலிவரி ஆளோடு பேச இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று *21* அல்லது *401* என்று தொடங்கும் குறியீட்டை மெசேஜில் அனுப்புவார்கள். அதை அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்கள் எண்ணுக்குத் திரும்பிவிடும். குரல் வழியாக வரும் ஓடிபியும் அங்கேதான் போகும். தெரியாமல் அழுத்தியிருந்தால் உடனே ##002# அழுத்துங்கள். எல்லாத் திருப்புதலும் ரத்தாகும்.

கேள்வி: லிங்க்கைத் தொட்டுவிட்டேன், பணமும் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் வங்கிக்குச் சொல்லி கார்டையும் யுபிஐ-யையும் முடக்குங்கள். கையோடு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிகிற நேரம் மிகக் குறைவு, நாளைக் காலை பார்க்கலாம் என்று விடாதீர்கள். அழைக்கும்போது எந்தக் கணக்கு, தொகை, நேரம், பரிவர்த்தனை எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்) எல்லாம் கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

லிங்க்கில் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல்) இறங்கி அதை நிறுவியிருந்தால், போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வங்கியை வேறு போனிலிருந்து அழையுங்கள். அந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி கிடைத்திருந்தால் புதிதாக வரும் ஓடிபியும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பாஸ்வேர்டையும் வேறு கருவியில்தான் மாற்ற வேண்டும். ஆப்பை நீக்க முடியாவிட்டால் போனை ஃபேக்டரி ரீசெட் செய்வதே சரி.

பணம் திரும்புமா என்பதற்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு இல்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் உங்கள் பொறுப்பு. புகார் கொடுத்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் எண்ணை, நேரத்தோடு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பணம் போகவில்லை, மெசேஜ் மட்டும் வந்தது. யாரிடம் சொல்வது?

பதில்: மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் ஸ்கிரீன்ஷாட்டோடு பதியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததையும் அங்கே பதியலாம்.