வில்லும் குறியும்: குறைந்த செலவில் தொடங்குபவர்களின் கேள்விகள்

போன முறை வில்வித்தை பற்றி நாலு வரி எழுதப்போய், மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப்பேர் கேட்டது "எவ்வளவு காசு வேணும்?" என்பதைத்தான். ரூபாய்க் கணக்கு எழுதினால் அடுத்த மாதமே பிழையாகிவிடும். எதில் காசு போட வேண்டும், எதில் போடக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

"சேர், எனக்கு காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கி வளவுக்குள் குறிபார்த்துப் பழக ஆசை. இணையத்தில் மலிவாகக் கிடக்கிறது. வாங்கலாமா?" (அக்கரைப்பற்று வாசகர்)

வாங்கும் பொத்தானை அமத்தாதீர்கள் தம்பி. இலங்கையில் துப்பாக்கிகளுக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். "இது காற்றுத்தானே" என்று நீங்களாக முடிவு செய்யாமல், காசு கட்டுவதற்கு முன்பே உங்கள் பொலிஸ் நிலையத்தில் போய்க் கேளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, எங்கள் பக்கத்தில் வேலிக்கு மேலால் துப்பாக்கி வடிவில் ஏதாவது தெரிந்தாலே பக்கத்து வீட்டு அம்மாவின் முகம் மாறிவிடும். அதற்குக் காரணம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

விளையாட்டாகவே செய்தாலும் அது மலிவு இல்லை. பந்தயத்துக்கான 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கியில் 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு போடுவார்கள். அட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீற்றர்தான். அதற்கு ஏற்ற துப்பாக்கி, விறைப்பான சட்டை, சப்பாத்து என்று செலவு நீண்டுகொண்டே போகும். அனுமதியோடு இயங்கும் கழகம் ஒன்றில் சேர வழியிருந்தால் அங்கே போய்ப் பழகுங்கள். இல்லாவிட்டால் வில்லை யோசித்துப் பாருங்கள். மூச்சை அடக்குவது, உடம்பை நிறுத்துவது, ஒரே செயலை ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்வது எல்லாம் இரண்டுக்கும் பொது. போதாததற்கு, எய்த அம்பைப் பிடுங்கி மறுபடி எய்யலாம்.

"கனடாவில் இருக்கும் மச்சான் 45 இறாத்தல் வில் ஒன்றை அரைவிலைக்குத் தருகிறேன் என்கிறார். நான் ஜிம்முக்குப் போகிறவன், சமாளிப்பேன். எடுக்கட்டுமா?" (கல்லடி வாசகர்)

சும்மா தந்தாலும் வேண்டாம்.

வில்லின் இறாத்தல் கணக்கு என்பது நாணை முழுதாக இழுத்துப் பிடிக்கும்போது விரலில் விழும் பாரம். ஜிம்மில் வளரும் கைத்தசை இங்கே பெரிதாக உதவாது. வேலை செய்வது தோள்பட்டைக்குப் பின்னால், முதுகில் இருக்கும் தசைகள். 45 இறாத்தலை நீங்கள் இழுத்துவிடுவீர்கள்தான். ஆனால் இழுத்த இடத்தில் நிறுத்தி, தாடையில் கையைப் பதித்து, குறிபார்த்து விட முடியாது. பத்தாவது அம்பில் தோள் மேலே எழும்பும், இருபதாவதில் கை நடுங்கும். ஒரு மாதத்தில் தோள்வலி வரும், வில் அலுமாரிக்கு மேலே போகும். புதிதாகப் பழகும் வளர்ந்த ஆணுக்கு 20 முதல் 24 இறாத்தல் தாராளம். பெண்களும் மெலிந்தவர்களும் 16 முதல் 20க்குள் தொடங்கலாம். இதைச் சொன்னால் இளைஞர்களுக்கு ரோசம் வருகிறது. என்ன செய்வது, முதுகுக்கு ரோசம் தெரியாதே.

இன்னொரு விஷயம்: வில்லில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் 28 அங்குலம் இழுக்கும்போது வரும் பாரம். ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய இரண்டு இறாத்தல் குறையும். உங்கள் இழுப்பு நீளத்தை அறிய, சுவரோடு நின்று இரண்டு கைகளையும் விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து 2.5ஆல் பிரியுங்கள். 67 அங்குலம் வந்தால் இழுப்பு கிட்டத்தட்ட 27 அங்குலம். அதற்கு 68 அங்குல வில் பொருந்தும். 26க்குக் குறைந்தவர்களுக்கு 66, 28ஐத் தாண்டியவர்களுக்கு 70.

இடக்கை வில்லா, வலக்கை வில்லா வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கு இடையில் சின்ன ஓட்டை வைத்து, இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்துத் தென்னை மரத்தின் வட்டுக்குள் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது வட்டு ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஆளும் கண். ஆளும் கண் இடது என்றால், சோற்றுக்கை எதுவாக இருந்தாலும் இடக்கை வில்லோடு (வலக்கையில் பிடித்து இடக்கையால் இழுப்பது) தொடங்குவதே என் விருப்பம். தொடக்கத்தில் மாற்றுவது எளிது, ஒரு வருடம் பழகியபிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஆகவே மச்சானிடம் இப்படிக் கேளுங்கள்: மூன்று துண்டாகக் கழற்றும் மரக் கைபிடி ரிக்கர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்), லிம்ப் (கைபிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) 22 இறாத்தல். உடம்பு பழகியதும் லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கைபிடி அப்படியே இருக்கும். வில்லில் மிச்சம் பிடித்த காசை அம்பில் போடுங்கள். ஒரே நீளம், ஒரே எடையில் எட்டு அம்புகள், கைக்காப்பு, விரலுக்கான தோல்துண்டு, நாணேற்றும் கயிறு. இந்தக் கயிறு இல்லாமல் காலுக்குள் வில்லை மிதித்து வளைத்துத்தான் பலர் லிம்பை முறுக்கிக் கெடுக்கிறார்கள். குறிபார்க்கும் கருவி, நிலைப்படுத்தும் தடி எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

வில் வந்ததும் வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்புக்கே திரும்பி, அது வெடித்துப் பிளக்கலாம். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் அருச்சுனன் வெறும் வில்லோடு நின்றால் அது பக்தி, நீங்கள் செய்தால் வீண்செலவு.

"படுவான்கரையில் எங்களுக்கு வட்டை நிறைய இருக்கு. இலக்குப் பலகை வாங்கக் காசில்லை. என்ன செய்யலாம்?" (வெல்லாவெளி வாசகர்)

உங்களிடம் வைக்கோல் இருக்கிறதே! நுரைப் பலகைகள் வருவதற்கு முன்பு உலகின் பல இடங்களில் வைக்கோல் இலக்குத்தான். வேளாண்மை வெட்டி முடிந்ததும் நீளமான வைக்கோலாகப் பொறுக்குங்கள். மெசின் வெட்டியது துண்டுபட்டுக் கிடக்கும், கையால் வெட்டிய துண்டு வயல் கிடைத்தால் நல்லது. தண்ணீர் தெளித்து மணிக்கட்டுத் தடிப்பில் புரி திரியுங்கள். நுளம்புத்திரி போல நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் முந்திய சுற்றோடு சாக்கூசியும் நைலோன் நூலும் கொண்டு இறுக்கித் தையுங்கள். தைக்கத் தைக்க மரச்சுத்தியலால் தட்டுங்கள். விரல் உள்ளே நுழையாத அளவுக்கு இறுகினால்தான் அம்பு நிற்கும். தளர்ந்தால் ஊடுருவிப் பின்னால் போய்விடும். நாலடி விட்டம் வந்தால் 122 சென்ரிமீற்றர் அட்டை ஏறக்குறைய முழுதாக உட்காரும். அதுதான் ஒலிம்பிக்கில் 70 மீற்றரில் வைக்கும் அட்டையின் அளவு. அட்டையையும் நீங்களே வரையலாம்: நடுவிலிருந்து மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. நடுப் பத்து வட்டம் 12.2 சென்ரிமீற்றர்.

இலக்கை நிலத்தில் வைக்காதீர்கள், கறையான் பிடிக்கும். மழையில் விடாதீர்கள். முக்கியமாக, மாடு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வைக்கோலுக்கு வழியில்லாதவர்கள் அரிசிச் சாக்குக்குள் பழைய துணியையும் பொலித்தீன் பைகளையும் மிதித்து மிதித்து அடையலாம். பொத்தான், சிப் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள், அம்பு நுனி உடையும். கடதாசி மட்டைப் பெட்டிகளைப் பட்டையாக வெட்டி, விளிம்பு முன்னே தெரியும்படி அடுக்கி, கயிற்றால் நெரித்துக் கட்டினாலும் சரிதான்.

இனி இடம். வட்டை பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். 24 இறாத்தல் வில்லிலிருந்து தவறி மேலே போகும் அம்பு நூறு மீற்றரைச் சும்மா தாண்டும். அறுவடைக்குப் பிறகு வட்டைக்குள் மாடு மேய்ப்பவர், குறுக்கு வழியில் சைக்கிளில் போகும் பிள்ளைகள் என்று ஆள் நடமாட்டம் கூடும். இலக்குக்குப் பின்னால் 200 மீற்றர் வரை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அங்கே பாதை இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் ஆளுயரத்துக்கு மேல் மண் அணை வேண்டும். ஓலை வேலியும் தகரமும் அம்பைத் தடுக்காது. குளக்கட்டைப் பின்னணியாக வைக்கும் யோசனையையும் விடுங்கள், கட்டின் மேலால் ஆட்கள் நடக்கிறார்கள். அப்புறம், பொழுதுபடும் முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். யானைக்கு நம் இலக்கு, நம் கோடு எதுவும் தெரியாது.

நாலைந்து பேர் சேர்ந்தால் ஒருவரிடம் விசிலைக் கொடுங்கள். போட்டிகளில் இருக்கும் ஒழுங்கு இது: இரண்டு ஊதல் என்றால் கோட்டுக்கு வரலாம், ஒன்று என்றால் எய்யலாம், மூன்று என்றால் அம்பு எடுக்கப் போகலாம். விடாமல் ஊதினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அம்பு பிடுங்கும்போது உங்களுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. அம்பின் பின்முனை கண்ணில் குத்திய சம்பவங்கள் உண்டு.

"நான் அபாயா, ஹிஜாப் அணிபவள். வீட்டுக்குப் பின்னால் எட்டடி இடம்தான். பழக முடியுமா சேர்?" (காத்தான்குடி வாசகி)

தாராளமாக முடியும் தங்கச்சி. உடுப்பில் பார்க்க வேண்டியது, நாண் போகும் பாதையில் துணி தொங்கக்கூடாது என்பது ஒன்றுதான். வில் பிடிக்கும் கையின் சட்டைக்கை அகலமென்றால் மேலே முழங்கை வரை வரும் இறுக்கமான கையுறை ஒன்றை இழுத்துவிட்டு, அதன்மேல் கைக்காப்பைக் கட்டுங்கள். ஹிஜாபின் நுனியைத் தாடைக்குக் கீழே மடித்துச் செருகுங்கள், நாண் வரும் பக்கத்தில் ஊசி குத்த வேண்டாம். நாண் ஊசியில் பட்டால் நூல் அறுந்துவிடும்.

எட்டடியும் போதும். இலக்கை இரண்டு மீற்றரில் வைத்து, அட்டை எதுவும் ஒட்டாமல், எய்யுங்கள். எங்கே படுகிறது என்ற கவலை இல்லாததால் கவனம் முழுதும் உடம்புக்குப் போகும்: தோள் தாழ்ந்திருக்கிறதா, முழங்கை அம்பின் நேருக்கு வருகிறதா, கை ஒவ்வொரு முறையும் தாடையில் அதே இடத்தைத் தொடுகிறதா. அனுபவசாலிகளே அடிக்கடி இப்படிப் பழகுகிறார்கள்.

வில் வாங்கும் முன்பே தொடங்கவும் வழி இருக்கிறது. சைக்கிள் கடையில் பழைய ரியூப் கேளுங்கள். நீளவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி வளையமாக முடிச்சுப் போடுங்கள். இடக்கையால் ஒரு பக்கத்தைப் பிடித்து நீட்டி, வலக்கையின் மூன்று விரல்களால் மற்றப் பக்கத்தைத் தாடைக்குக் கீழே வரும்வரை இழுங்கள். ஐந்து செக்கன் நிறுத்தி, விட்டுவிடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுபோங்கள். முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்பும் ஒன்றையொன்று நெருங்குவது தெரிய வேண்டும். கைச்சதை மட்டும் நோகிறது என்றால் இழுப்பு பிழை. குசினியில் சோறு கொதிக்கும் நேரத்துக்குள் செய்துவிடலாம்.

"மூக்குக் கண்ணாடி போடுபவன். தூரப்பார்வை மோசம். எனக்குச் சரிவராதுதானே?" (திருக்கோவில் வாசகர்)

தென்கொரிய வீரர் இம் டொங் ஹியூன் மிகவும் குறைந்த பார்வையோடு 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் 72 அம்புகளுக்கு 699 புள்ளி எடுத்து உலக சாதனை செய்தார். முழுப்புள்ளி 720. அவருக்குத் தெரிந்தது வட்டத்தின் மங்கலான நிறங்கள்தான். உங்களுக்கு மஞ்சள் தெரிகிறதா? போதும். கண்ணாடிச் சட்டம் நாணில் முட்டாதபடி சிறியதாக இருக்கட்டும்.

"என் மகனுக்குப் பத்து வயது. பிவிசி குழாயில் வில் செய்து தா என்று நிற்கிறான்." (செங்கலடி வாசகர்)

குழாயை விடுங்கள். வெயிலில் கிடந்த பிவிசி சொல்லாமல் உடையும், உடைந்தால் கூரான துண்டாகத்தான் பறக்கும். நன்றாகக் காய்ந்த மூங்கில் பிளாச்சில் செய்து கொடுங்கள், பத்து இறாத்தலைத் தாண்ட வேண்டாம். அம்பின் நுனியில் இறப்பர் மூடி போடுங்கள். ஈர்க்கில் அம்பு வேண்டவே வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகளின் கண்ணுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் பிள்ளை வில்லைத் தொடக்கூடாது என்பதை முதல்நாளே சட்டமாக்குங்கள்.

"யுத்த காலத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. 52 வயது. நானும் எய்யலாமா?" (களுவாஞ்சிக்குடி வாசகர்)

ஐயா, உங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் இன்றைய பரா ஒலிம்பிக்கே பிறந்தது. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் போரில் காயப்பட்ட 16 பேரை வைத்து ஒரு போட்டி நடத்தினார். அது வில்வித்தைப் போட்டி. 2024 பாரிஸ் பரா ஒலிம்பிக்கில் இரண்டு கைகளும் இல்லாத அமெரிக்கர் மற் ஸ்ரட்ஸ்மன் காலால் வில்லைப் பிடித்துத் தங்கம் வென்றார்.

செயற்கைக் காலில் நின்று எய்வதென்றால் பாரத்தை இரண்டு பக்கமும் சமமாகப் போட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முப்பது அம்புக்கு நின்றபின் செயற்கைக் கால் பொருந்துகிற இடம் நோகிறது என்றால் கைபிடி இல்லாத உயரமான ஸ்டூலில் இலக்குக்குப் பக்கவாட்டாக உட்காருங்கள். வில்லின் கீழ்ப்பகுதி தொடையில் முட்டாமல் இருக்கச் சற்றே குட்டையான வில், 62 அல்லது 64 அங்குலம், வசதி. 18 இறாத்தலில் தொடங்குங்கள்.

"மூன்று மாதமாக எய்கிறேன். அம்பு எப்போதும் இடப்பக்கமே போகிறது. கச்சான் காற்றாலா?" (கல்முனை வாசகர்)

பத்து மீற்றரில் காற்றைக் குறை சொல்ல முடியாது. 30, 50 மீற்றருக்குப் போனபிறகு கச்சான் நிச்சயம் விளையாடும், அப்போது விடியக்காலையில் எய்யுங்கள். இப்போதைக்கு நாண் சட்டையிலோ நெஞ்சிலோ உரசுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆளும் கண். மூன்றாவது, அம்பின் விறைப்பு. இறாத்தல் குறைந்த வில்லுக்கு விறைத்த அம்பு போட்டால், வலக்கைக்காரருக்கு இடப்பக்கம்தான் போகும். கடைக்காரர் உங்கள் அம்பைக் குட்டையாக வெட்டித் தந்திருந்தால் அது இன்னும் விறைத்திருக்கும். இழுப்பு நீளத்தைவிட ஒன்று இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும்.

அம்புகளை வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைக்கிறீர்களா? நுனியை ஒட்டியிருக்கும் சூட்டுப்பசை இளகி, நுனி ஆடத் தொடங்கும். லிம்பின் ஒட்டுகளுக்கும் அந்தச் சூடு ஆகாது. காபன் அம்பு என்றால் எய்யும் முன் இரு முனையையும் பிடித்து மெதுவாக வளைத்துக் காதில் வைத்துக் கேளுங்கள். சின்ன வெடிப்புச் சத்தம் வந்தால் அதை முறித்து எறியுங்கள், இல்லாவிட்டால் கைக்குள் சிதறும்.

நாண் உரசவில்லை, ஆளும் கண்ணும் சரி என்றால் ஒவ்வோர் அம்பிலும் நிரந்தர மையால் எண் எழுதுங்கள். ஒரு கிழமைக்கு எந்த எண் எங்கே பட்டது என்று கொப்பியில் குறித்து வாருங்கள். ஆறாம் இலக்கம் மட்டும் தனியாக இடப்பக்கம் போகிறது என்றால் ஆறாம் இலக்கத்தை ஒதுக்கிவையுங்கள். எல்லா எண்ணும் ஒன்றாகச் சேர்ந்து இடப்பக்கம் கூடினால் உங்கள் எய்தலில் பிழையில்லை, அம்பின் விறைப்பை மாற்ற வேண்டும். சிதறிக் கிடந்தால் இன்னும் கொஞ்ச நாள் இரண்டு மீற்றரில் எய்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.