மவுஸ் யார் கையில்?

புதிய மென்பொருள் ஒன்றின் முன் மலைத்து உட்கார்ந்த அனுபவத்தை எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நான்கிற்கு இப்போது பதில் எழுதுகிறேன். நான் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவள். தட்டச்சுப் பொறிகளுக்கு நடுவே கணினி வந்து அமர்ந்த காலத்தில் நானும் உங்களைப் போலத்தான் நின்றேன்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வயது 51. மூன்று மாதங்களாக எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றச் சொல்கிறார்கள். பக்கத்து இருக்கைத் தம்பி நல்ல பையன். கூப்பிட்டால் உடனே வந்து செய்து காட்டுகிறான். ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இரண்டு நோட்டு நிறைந்துவிட்டது. தனியாக உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. மூளை மங்கிவிட்டதா?
— வாசகி, கோவில்பட்டி

மங்கவில்லை அம்மா. "செய்து காட்டுகிறான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் என் மனம் நின்றது. அவன் காட்டும்போது மவுஸ் யார் கையில் இருக்கிறது?

என் பயிலகத்தில் நான் தட்டச்சு செய்வதைப் பார்த்துக் கற்றவர் ஒருவரும் இல்லை. முதல் நாளே விரல்களை விசைகளின்மேல் வைத்து "யளனகபக" என்று பக்கம் பக்கமாக அடிக்கச் சொல்வோம். கணினி என்று வந்ததும் அந்தப் பாடத்தை நானே மறந்துவிட்டேன். 1999-இல் பழைய கணினி ஒன்று வாங்கினேன். கொண்டுவந்து பொருத்திய இளைஞர் அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

ஒரு வாரம் கழித்து, மாணவர்களின் கட்டணப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். நாற்பது பெயர்கள், கட்டியது, பாக்கி. மொத்தம் தேவைப்பட்டதால் கூட்டல் கற்றேன். யார் பாக்கி என்று தெரிய வேண்டியிருந்ததால் வரிசைப்படுத்தக் கற்றேன். கீழே போகப் போகத் தலைப்பு வரி மறைந்து எரிச்சலூட்டியதால், அதை நகராமல் நிறுத்தும் வழியைத் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த மூன்றும் இன்றுவரை மறக்கவில்லை.

உங்கள் நோட்டில் என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கிறேன்: "மேலே இடமிருந்து நான்காவது, அதில் கீழே மூன்றாவது." இது வழி சொல்கிறது, ஊர் பெயரைச் சொல்லவில்லை. எக்செல்லின் 2007 பதிப்பில் பழைய பட்டியல்களை எடுத்துவிட்டு மேலே பட்டையாக எல்லாவற்றையும் அடுக்கினார்கள். அன்றைக்கு இப்படி எழுதிய நோட்டுகள் அத்தனையும் வீணாயின. மூன்றாவது நோட்டில் வேலையை முதலில் எழுதுங்கள்: "தலைப்பு வரி நகராமல் நிற்க — வியூ, ஃப்ரீஸ் பேன்ஸ்." பொத்தான் இடம் மாறினாலும் எதைத் தேடுகிறோம் என்பது கையில் இருக்கும்.

இன்னொன்று. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கரோல் என்பவரும் அவருடைய குழுவினரும், அலுவலகப் பணியாளர்கள் சொற்செயலி, அதாவது கடிதம் தட்டும் மென்பொருள், கற்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். தடித்த கையேட்டை யாரும் வரிசையாகப் படிக்கவில்லை. தங்களுக்கு வேண்டிய கடிதத்தை அடிக்கத்தான் எல்லோரும் பாய்ந்தார்கள். வழியில் தெரியாத பொத்தானை அழுத்தி மாட்டிக்கொண்டார்கள். 1984-இல் கரோலும் கேரிதர்ஸ் என்பவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் வசதிகளை மூடிவிட்டு, மிச்சத்தை மட்டும் திறந்துவைத்தார்கள். குழந்தையின் சைக்கிளில் பொருத்தும் பக்கச் சக்கரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அப்படித் தொடங்கியவர்கள் சீக்கிரம் கற்றார்கள்.

உங்கள் எக்செல்லை யாரும் மூடித் தரமாட்டார்கள். நீங்களே மூடிக்கொள்ளுங்கள். இந்த மாதம் ஐந்து காரியங்கள் மட்டும்: தட்டுவது, சேமிப்பது, கூட்டுவது, வரிசைப்படுத்துவது, அச்சிடுவது. திரையில் உள்ள மற்ற நூறு படங்களும் உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்குச் சங்கத்தின் கோப்பையே ஒரு நகல் எடுத்து, "பழகுவது" என்று பெயரிடுங்கள். அதில் எதை வேண்டுமானாலும் கெடுக்கலாம். கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்தது திரும்பிவிடும். கோப்பை மூடிவிட்டால் திரும்பாது. உங்கள் வேலைக்கு முக்கியமான ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். முன்னால் இருக்கும் சுழியங்களும் உதிர்ந்துவிடும். எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டுங்கள். இதை அந்தத் தம்பிக்கும் சொல்லுங்கள். அவனுக்குத் தெரிந்திருக்காவிட்டால் உறுப்பினர் பட்டியல் முழுவதையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

யூடியூப் பார்த்துக் கற்பதா, புத்தகம் வாங்குவதா?
— வாசகர், ஓசூர்

எதுவானாலும் சரி, மென்பொருள் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும். காணொளியை முழுவதும் பார்த்து முடிக்காதீர்கள். ஒரு நிமிடம் பார்த்து நிறுத்தி, அதைச் செய்து பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஓட ஓடப் பார்க்கும்போது தெரிந்ததுபோல் இருக்கும். அந்த உணர்வை நம்பாதீர்கள். கற்றபின் ஐயம் வரும்போது புரட்டிப் பார்க்கப் புத்தகம் நல்லது.

தமிழ்த் தட்டச்சு முதுநிலை தேறி 22 ஆண்டுகள் ஆகின்றன. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். புதிய அலுவலகத்தில் தமிழ்99 விசைப்பலகைதான். பள்ளிப் பையனைப் போல எழுத்தைத் தேடுகிறேன். அவமானமாக இருக்கிறது.
— வாசகர், திருவண்ணாமலை

ஐயா, உங்கள் துன்பம் எனக்கு உடம்பாலேயே தெரியும். புதிதாகக் கற்பவரைவிட, நன்றாகத் தெரிந்தவர் மாற்றிக் கற்பதுதான் கடினம். உங்கள் விரல் "கெ" என்றால் முதலில் கொம்பைத் தேடி ஓடும், பிறகுதான் "க" அடிக்கும். காகிதத்தில் இடமிருந்து வலமாக அச்சாக வேண்டும் என்பதால் வந்த முறை அது. தமிழ்99 ஒலியின்படி போகிறது: முதலில் "க", பிறகு "எ". புள்ளியும் அப்படித்தான். பழைய பொறியில் புள்ளி விசையை அழுத்தினால் தாள் நகராது. அதனால் புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழே எழுத்தை அடிப்போம். புதிய முறையில் மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். பழைய பொறியில் ஐந்து.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த விசைப்பலகை இது. உயிர் எழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. நடு வரிசையில் வலக்கைக்குக் க, ப, ம, த, ந, ய. இந்த அமைப்பு மனத்தில் பதிந்தால் தேடுவது பாதியாகக் குறையும்.

பல தமிழ் உள்ளீட்டு மென்பொருள்களில் பழைய தட்டச்சு வரிசையையும் தேர்ந்துகொள்ளலாம். அலுவலகம் சம்மதித்தால் அதிலேயே இருங்கள். வேகம் உங்கள் சொத்து. மாறித்தான் ஆக வேண்டும் என்றால் முழுவதும் மாறுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அடித்தால் இரண்டும் கெடும். என் மாணவர்களில் அப்படிக் கெட்டவர்கள் உண்டு. தினமும் அரைமணி நேரம், அலுவலகக் கோப்பை விட்டுவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான குறளையோ பாட்டையோ அடியுங்கள். சொல்லைத் தேட வேண்டியதில்லை என்பதால் கவனம் முழுவதும் விரலில் இருக்கும். முதலில் "பந்து", "தங்கம்", "பஞ்சு" போன்ற சொற்களை எடுங்கள். ந-த, ங-க, ஞ-ச என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் நடுவில் புள்ளி தானே விழும். அதைக் காணும்போது விரலுக்கு நம்பிக்கை வரும்.

அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். அளவுகளையும் கணக்கையும் கணினியில் ஏற்றச் சொல்லிக்கொடுக்கிறேன். பத்து நிமிடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, அம்மா எழுந்துபோய்விடுகிறார். என்ன செய்வது?
— கல்லூரி மாணவி, ஈரோடு

மகளே, மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. கோபம் வந்ததும் மவுஸைப் பிடுங்கிக்கொள்கிறாய் என்று நினைக்கிறேன். நானும் செய்திருக்கிறேன். பிடுங்கும் அந்த நொடியில், இது தனக்கு வராது என்ற செய்தி அம்மாவுக்குப் போய்ச் சேருகிறது.

முதலில் கைகளைப் பார். ஊசி பிடித்த விரலுக்கு இரட்டைச் சொடுக்கு எளிதல்ல. இரண்டு சொடுக்குக்கு நடுவே மவுஸ் நகர்ந்துவிடும். அமைப்புகளில் இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் குறைத்துவிடு. ஒருமுறை சொடுக்கி என்டர் விசையைத் தட்டவும் சொல்லிக்கொடு. சில நாள் சாலிடேர் சீட்டாட்டம் ஆடவிடு. 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு வந்த விளையாட்டு அது. சீட்டைப் பிடித்து இழுத்து விடும்போதே மவுஸ் கைக்குப் பழகிவிடும். எங்கள் பயிலகத்தில் எத்தனையோ பேருக்கு முதல் பாடம் அதுதான்.

உனக்கு ஒரு கதை சொல்கிறேன். 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். பாடநூல் பதிப்பகம் ஒன்றின் தொகுப்பாசிரியர்களுக்கானது அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த செயலாளர் ஒருவரை டெஸ்லர் வெற்றுத் திரையின் முன் அமரவைத்து, இங்கே ஒரு பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு எப்படித் திருத்துவீர்கள் என்று கேட்டார். கத்தரிக்கோலும் பசையும் வைத்துத் தாளில் செய்துவந்த வேலையே திரையில் வெட்டி ஒட்டுவதாயிற்று. தெரிந்தவர் தெரியாதவரிடம் கேட்டு அமைத்த மென்பொருள் அது. நீயும் அம்மாவிடம் கேள்: ஒரு வாடிக்கையாளர் வந்தால் முதலில் எதை எழுதுவீர்கள்? பெயரா, தோள் அளவா, தேதியா? அந்த வரிசையிலேயே அட்டவணையின் பத்திகளை அமை. அம்மா "உடம்பு உயரம்" என்று எழுதினால் தலைப்பிலும் அதையே வை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அளவு நோட்டை மேசையில் விரித்துவை. உன் நாற்காலியை ஓர் அடி பின்னால் தள்ளிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொள். அம்மா தடுமாறினால் மனத்துக்குள் இருபது வரை எண்ணு. அதற்குப் பிறகும் கேட்டால் வாயால் மட்டும் வழி சொல். முதல் வாடிக்கையாளரின் பெயரை அம்மாவே தட்டட்டும்.