பிரஷ்ஷைக் கண்டாலே ஓடும் நாய்க்கு

உங்கள் லேப்ரடார் பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது என்றால், பிரஷ்ஷையே கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஆள்காட்டி விரலில் காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியைச் சுற்றி, நாய்களுக்கென்றே விற்கும் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வையுங்கள். முதல் சில நாள் நக்க மட்டும் விடுங்கள். பிறகு, வாயைத் திறக்காமலே உதட்டைத் தூக்கி, மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தைத் தேயுங்கள். பற்காரை, அதாவது பல்லில் கல்லாக இறுகும் அழுக்கு, அதிகம் படிவது அங்கேதான். உள்பக்கத்துக்காகப் போராட வேண்டாம், நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். பக்கத்துக்கு 30 விநாடி, ஆனால் தினமும். சில நாள் விட்டாலே பல் மேல் படியும் அழுக்குப் படலம் கல்லாக இறுகிவிடும், அப்புறம் துணிக்கு வராது.

நாம் தேய்க்கும் பேஸ்ட் கூடவே கூடாது. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அதற்கு விஷம். பல் சுத்தமாகட்டும் என்று கடிக்க எலும்பும் கொடுக்க வேண்டாம், பல் பிளக்கும். ஈறு சிவந்தோ ரத்தம் கசிந்தோ இருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வலியால்கூட ஓடலாம்.