குரைக்காத குட்டியும் பொறுக்காத எஜமானரும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே புகார்: குட்டி குரைக்கவில்லை. ஓயாமல் குரைக்கிறது என்று புலம்பியவர்களும் உண்டு, அவர்களுக்கு அடுத்த மாதம். வழக்கமான வேண்டுகோள்தான்: வயது, இனம், கடைசியாக ஊசி போட்ட தேதி, இந்த மூன்றும் இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள். இம்முறையும் பத்தில் ஆறு பேர் எழுதவில்லை.

லாப்ரடார் குட்டி, நாலு மாதம். ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை. ஊமையாக இருக்குமோ? (தஞ்சாவூர்)

தெரியாமல் காலை மிதித்தால் வீல் என்கிறதா? பசித்தால் முனகுகிறதா? அப்படியானால் ஊமை இல்லை. இது நம் வீடு, காக்க வேண்டும் என்கிற நினைப்பு பல குட்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு மேல்தான் வரும். சிலவற்றுக்கு ஒரு வயது ஆகும். உங்களுடையதோ லாப்ரடார், திருடனுக்கும் வாலாட்டுகிற சாதி. பொறுங்கள்.

பத்து மாத நாட்டு நாய். ட்ரீட்டைக் காட்டி ‘ஸ்பீக், ஸ்பீக்’ என்று நாலு நாளாகச் சொல்கிறேன். நான்தான் கத்துகிறேன், அது பார்த்துக்கொண்டிருக்கிறது. (கோவை)

ஸ்பீக் என்றால் என்னவென்று அதற்கு யார் சொன்னது? முதலில் குரைப்பு வரட்டும், சொல் அப்புறம். எந்த அமைதியான நாயும் எதற்காவது குரைக்கும்: காலிங் பெல், குக்கர் விசில், பால்காரர் வண்டி, மதில்மேல் பூனை. ஒரு வாரம் கவனித்து அது எதுவென்று கண்டுபிடியுங்கள். காலிங் பெல் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவரை வெளியே நிறுத்தி அடிக்கச் சொல்லுங்கள். முதல் ‘வள்’ வந்த நொடியே க்ளிக்கர் (அழுத்தினால் ‘டிக்’ என்கிற சின்னக் கருவி), இல்லாவிட்டால் ‘சபாஷ்’. கையோடு ட்ரீட். முழுக் குரைப்பு வராமல் ‘உஃப்’ என்று மூச்சு விட்டாலும் ஆரம்பத்தில் கொடுங்கள். போகப்போக, சத்தமாக வந்ததற்கு மட்டும் கொடுத்தால் போதும். ட்ரீட் என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, பட்டாணி அளவு.

பத்துப் பதினைந்து தடவை இப்படி ஆனபிறகு, பெல் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் சொல்லைச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் நாய் காதில் பெல்தான் விழும். சில நாளில் பெல்லுக்குக் காத்திராமல் உங்கள் சொல்லுக்கே குரைத்துவிடும். அத்தோடு பெல்லை நிறுத்திவிடலாம். ஒரு வேளைக்கு மூன்று நிமிஷம் போதும்.

பாக்கெட்டைப் பிரித்து ட்ரீட்டை எடுப்பதற்குள் நாய் குரைத்து முடித்து உட்கார்ந்திருக்கும். அப்போது கொடுத்தால் உட்கார்ந்ததற்குக் கூலி கொடுத்ததாகிறது. முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்தே ‘போதும்’ பழக்குங்கள். குரைக்கும்போது மூக்கருகே ட்ரீட்டைக் கொண்டுபோனால் முகர்வதற்காக வாயை மூடும். ‘போதும்’ சொல்லி, இரண்டு நொடி அமைதிக்குக் கொடுங்கள். பிறகு ஐந்து நொடி, பத்து நொடி. ‘போதும்’ தெரியாத நாய்க்குக் குரைக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். இதை எத்தனை தடவை எழுதவும் எனக்கு அலுப்பில்லை.

குரைக்கப் பழகிவிட்டது. இப்போது நாங்கள் சாப்பிட உட்கார்ந்தாலே எதிரே நின்று குரைக்கிறது. (சேலம்)

‘போதும்’ பழக்கினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சையே காணோம். சொல்லாமல் குரைத்ததற்கு யாரோ தோசைத் துண்டு போட்டிருக்கிறார்கள், அநேகமாகத் தாத்தா. கேட்காமல் வருகிற குரைப்புக்கு இனி எதுவும் கிடையாது, அதட்டல்கூட. அதட்டினால், நீங்களும் கூடச் சேர்ந்து குரைப்பதாக அது நினைத்துக்கொள்ளும். முதல் சில நாள் சத்தம் கூடும். அப்போது மனமிரங்கி ஒரு துண்டு போட்டீர்களோ, தொலைந்தது.

‘பேசு’ என்பதா, ‘ஸ்பீக்’ என்பதா? (நாகர்கோவில்)

எதுவானாலும் சரி, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல். பிள்ளைகளைப் ‘பேசாதே’ என்று அதட்டுகிற வீடாக இருந்தால் ‘பேசு’ வேண்டாம்.

வெள்ளை ராஜபாளையம், ஐந்து மாதம். குரைப்பதில்லை. கூப்பிட்டாலும் திரும்பாது, அவ்வளவு அடம். (திண்டுக்கல்)

அடமா, காதா என்று முதலில் பாருங்கள். வெள்ளை ரோமத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவதுண்டு. ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு இது பழைய சங்கதி. தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு தெரிந்துவிடும். காது அசையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்தச் சோதனையில் பிடிபடாது. செவிட்டு நாயையும் கைச்சாடைக்குக் குரைக்கப் பழக்கலாம்.

காவலுக்கென்று சிப்பிப்பாறை வாங்கினேன். ஏழு மாதமாகியும் குரைப்பதில்லை. இருட்டறையில் சங்கிலி போட்டு, மிளகாய் கொடுத்து, கம்பால் சீண்டினால் குரைக்கும் என்கிறார்கள். எத்தனை நாள் செய்ய வேண்டும்? (சாத்தூர் பக்கம்)

செய்யலாமா என்று கேட்கத் தோன்றவில்லை, எத்தனை நாள் என்று கேட்கிறீர்கள்.

முப்பது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மிளகாய், சாராயம், பச்சை ரத்தம் என்று ஊருக்கொரு மருந்து. மிளகாயால் நாய்க்கு வயிறு போகும், வீரம் வராது. கம்பால் சீண்டினால் குரைக்கும்தான், பயத்தில். பயந்த நாய்க்குத் திருடனும் ஒன்று, பக்கத்து வீட்டுக் குழந்தையும் ஒன்று. முதலில் உறுமும். உறுமியதற்கு அடி விழுந்தால், அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும். என்னிடம் கன்னி இனத்து நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கம்பால் ‘பழக்கிய’ நாய். வீட்டம்மா கூட்டுவதற்குத் துடைப்பத்தை எடுத்ததும் அவர் கையையே கவ்விவிட்டது, ஆறு தையல். வீட்டுக்காரர் அப்போதும், “ஆனா நல்லா குரைக்குது சார்” என்றார்.

சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி, குட்டைச் சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டிவைப்பதே குற்றம். அடிப்பது தனி.

இன்னொன்று, சிப்பிப்பாறை முயலைக் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்க வளர்த்தெடுத்த நாய். அந்த ஓட்டத்தில் குரைத்துக்கொண்டிருந்தால் மூச்சுக்கு எங்கே போகும்? காவல்தான் வேண்டுமென்றால் கோம்பை இனத்து நாயை விசாரித்திருக்கலாம். வாங்கும் முன்பு யாரும் எனக்கு எழுதுவதில்லை. சரி, வாங்கியாயிற்று. முதலில் சங்கிலியை அவிழ்த்து, தினமும் ஓடவிடுங்கள். பிறகு கோவைக்காரருக்குச் சொன்னதையே, பெல்லுக்குப் பதில் கேட்டைத் தட்டச் சொல்லிச் செய்யுங்கள். நாலு குரைப்பு போதும். உள்ளே நாய் இருக்கிறது என்று வெளியே நிற்பவனுக்குத் தெரிந்தால் சரி. அப்புறம் ‘போதும்’.

நேற்றிலிருந்து குரல் மாறிவிட்டது. வாய் திறந்தபடி எச்சில் ஒழுகுகிறது. எலும்பு சிக்கியிருக்குமோ என்று கைவிட்டுப் பார்க்கலாமா? (ஊர் இல்லை, வயது இல்லை, ஊசி விவரம் இல்லை)

கையை விடாதீர்கள். குரல் மாறி, தாடை தொங்கி, எச்சில் ஒழுகினால் முதல் சந்தேகம் ரேபிஸ்தான். எலும்பா என்று மருத்துவர் பார்க்கட்டும். நாயைத் தனியே அடைத்துவிட்டு அவருக்குப் போன் செய்யுங்கள். கடியோ கீறலோ பட்டவர்கள், புண்ணில் எச்சில் பட்டவர்கள், அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் கடிதம் போட்டுவிட்டா காத்திருப்பது!

போலீஸ் மோப்ப நாய், கண்டுபிடித்ததும் குரைக்குமா? (ஏழாம் வகுப்பு மாணவி, மதுரை)

நல்ல கேள்வி. வெடிகுண்டு தேடும் நாய் குரைக்காது, அந்த இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். இடிபாடுகளில் ஆள் தேடும் நாய்தான் அங்கேயே நின்று குரைத்துக் கூப்பிடும்.

யூட்யூபில் நாய் குரைக்கும் சத்தத்தைப் போட்டுக் காட்டலாமா? (திருச்சி)

சில குட்டிகள் கூடச் சேர்ந்து குரைக்கும். பல குட்டிகள் சோபாவுக்கு அடியில் போய்விடும். சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரு தடவை பாருங்கள், ஒளிந்தால் விட்டுவிடுங்கள். தீபாவளி நெருங்கும் சமயத்தில் வேண்டவே வேண்டாம், வெடிச் சத்தத்திலேயே அது பாதி மிரண்டிருக்கும்.